அப்பா பலி கொடுத்த ரப்பர் கொட்டை

வெயில் ஏறியதும் ரப்பர் காய் "டப்" என்று வெடிக்கும் சத்தமும், தெறித்த கொட்டை தகரக் கூரையில் உருண்டு விழும் சத்தமும் இன்னும் என் காதில் இருக்கின்றன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவில் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அப்பா கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். ஞாயிறு மதியங்களில் தோட்டத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் அங்கே மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரோடு சதுரங்கம் ஆடுவார். பத்து வயது வாயாடியான நான் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்பாவின் வெள்ளைச் சிப்பாய்கள் எட்டையும் கரையான் அரித்துவிட்டதால், அவற்றின் இடத்தில் எட்டு ரப்பர் கொட்டைகள் நின்றன. ஒரு கொட்டையின் புள்ளி இன்னொன்றுக்கு இருக்காது. நான் சும்மா இருக்கமாட்டாமல், ஏழுக்கு, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த "லயத்து" ஆட்களின் பெயரையும் ஒன்றுக்கு என் பெயரையும் வைத்துவிட்டேன். எந்தக் கொட்டை எங்கே நிற்கிறது என்று அப்பா பார்ப்பதில்லை.

இரண்டாவது நகர்த்தலிலேயே, ராஜாவுக்கு அடுத்து நிற்கும் மந்திரியின் முன்னால் உள்ள சிப்பாயை எதிரிக்கு இலவசமாகக் கொடுப்பது அவர் வழக்கம். "ஒன்ன விட்டாத்தான் வழி தொறக்கும், டிரஸ்ஸரே" என்பார். அந்த வழியில் யானையும் குதிரையும் புகுந்து கறுப்பு ராஜாவைத் துரத்தும். ஒரு ஞாயிறு அப்படி வெட்டுப்பட்டது முனியம்மா அக்காவின் கொட்டை. புதன்கிழமை குளிர்காய்ச்சலில் அவள் போய்விட்டாள். காலைப் "பெரட்டில்" ஆள் கணக்கெடுத்தபோது அவள் பெயருக்குப் பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு காத்தான் அண்ணனின் கொட்டை. வெள்ளிக்கிழமை அவரையும் புதைத்தார்கள்.

மூன்றாம் ஞாயிறு அந்த இடத்தில் என் கொட்டை நின்றது. பயத்தில் தேம்பியபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

டிரஸ்ஸர் சிரித்தார். "கொசு கடிச்சாதான் காய்ச்சல் வரும், பாப்பா. கொட்டை என்னா பண்ணும்?"

அப்பா சிரிக்கவில்லை. "இதுல என் பேரு எதும்மா?" என்று கேட்டார்.

பலகை மூலையில் நின்ற, கறுப்புக் கோடு போட்ட கொட்டையைக் காட்டினேன். அதையும் என்னுடையதையும் இடம் மாற்றி வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினார். அந்தக் கோடு போட்ட கொட்டையை டிரஸ்ஸர் வெட்டினார். அன்றைக்கு ஆடியதுபோல் அப்பா ஆடி நான் பார்த்ததில்லை. கறுப்பு ராஜா ஓடி ஓடி மூலையில் மாட்டிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குக் குளிர் கண்டது. அடுத்த ஞாயிறு அவர் இல்லை.

இன்று அங்கே ரப்பருக்குப் பதில் எண்ணெய்க்காக நட்ட செம்பனை நிற்கிறது. லயமும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை, காய் வெடிக்கும் சத்தமும் இல்லை. எல்லாம் கொசு செய்த வேலை என்று என் பிள்ளைகள் சொல்லும்போது நானும் தலையாட்டுகிறேன். அவர்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அப்பாவின் பெயரை நான் எந்தக் கொட்டைக்கும் வைத்திருக்கவில்லை. என்னுடையது தப்பித்தால் போதும் என்று, லயத்துச் சின்னப்பன் அண்ணனின் கொட்டையைக் காட்டினேன். கொட்டை வெட்டுப்பட்ட சின்னப்பன் அண்ணனோ பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.