பார்சல் கிட்டார்

என் அண்ணியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அண்ணனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அவர்தான் முதலில் வந்து நிற்பார்.

பகலில் அவர் காப்பீட்டுக் கம்பெனிக்காக இடிபட்ட கார்களைச் சுற்றிவந்து கீறல் பார்ப்பவர். மாலையில், காதைக் கிழிக்கும் மெட்டல் இசைக் குழுவின் தலைவர். குழு என்றால் நாலே பேர். அவர், அண்ணி, டிரம்ஸ் அடிக்கும் நான், பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு பாடுவதாக நினைத்துக் கத்தும் பல் டாக்டர். டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னாலிருந்த கார் ஷெட்டில்தான் பயிற்சி. அங்கே அண்ணன் தன் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுக்கும் பக்குவத்தைப் பார்த்தால், பெற்ற பிள்ளையைக்கூட மனிதர் அப்படித் தூக்கியிருக்க மாட்டார் என்று தோன்றும்.

அந்த விலையுயர்ந்த கிட்டாரில் கம்பிகளைத் தாங்கும் பாலம் ஸ்பிரிங்குகளின்மேல் மிதக்கும். பக்கத்திலுள்ள கைப்பிடியை அமுக்கினால் சத்தம் சறுக்கிக்கொண்டு பாதாளத்துக்குப் போகும். மெட்டல்காரர்களுக்கு அதில் ஒரு பித்து. தொல்லை என்னவென்றால், ஒரு கம்பியை முறுக்கினால் மற்ற ஐந்தும் சுருதி மாறிவிடும். அண்ணன் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் டாக்டர் ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டே வந்திருக்கிறார்.

அண்ணி அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வெட்டும் இயந்திரம் ஓட்டுபவர். நாற்பத்தொரு வயதில், தன் சம்பளத்தில், கடையின் கடைசி வரிசையில் தொங்கிய கறுப்புக் கிட்டாரை வாங்கினார். கொம்புபோல் இரண்டு முனை, கனத்த சத்தம், கைக்கு அடக்கமான விலை. அண்ணன் கிட்டாரின் விலைக்கு அதில் எட்டு வாங்கலாம்.

அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கத்துக்கிறவங்களுக்கு இது போதும்" என்றார். அண்ணி அதற்குள் மூன்று வருடமாக அவருடைய பழைய கிட்டாரில் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.

அதிலும் மிதக்கும் பாலம்தான். இரண்டு வாரம் அண்ணியும் சுருதியோடு மல்லுக்கட்டினார். மூன்றாவது வாரம் தொழிற்சாலைக் கழிவிலிருந்து கெட்டி அட்டை கொண்டுவந்தார். அளவெடுத்து வெட்டி, பதினொரு துண்டுகளைப் பசைபோட்டு அடுக்கி, மேலே இஸ்திரிப்பெட்டியை வைத்துக் காயவிட்டார். கிட்டாரின் முதுகுமூடியைக் கழற்றி ஸ்பிரிங் இருக்கும் குழியில் இறுக்கிச் செருகினார். பாலம் அசையவில்லை. கைப்பிடியைக் கழற்றி டிராயரில் போட்டார். அதன்பின் அந்தக் கிட்டார் சுருதி விலகி நான் பார்த்ததில்லை.

"கிட்டாருக்குள்ள அட்டையா? உருப்பட்ட மாதிரிதான்" என்றார் அண்ணன். நான் சும்மா இருந்திருக்கலாம். என் பங்குக்கு அதற்குப் 'பார்சல்' என்று பேர் வைத்தேன். டாக்டர் ஒரு வாரம் சிரித்தார்.

இந்த நிலையில்தான் அண்ணி ஒரு மெட்டு போட்டார். வெட்டும் இயந்திரத்தின் தாளம் அது. இரண்டு அடி, ஒரு இழுப்பு, மூன்று அடி. அதன்மேல் நாற்பது விநாடி தனிவாசிப்பு. கேட்டதும் எனக்குக் கைமுடி எழுந்து நின்றது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணன். "ஆனா உன் கிட்டார்ல எடுபடாது. மேடையில நான் வாசிக்கிறேன்."

"நான் போட்டதுங்க."

"குழுன்னு ஆனப்புறம் உன்னுது என்னுதுன்னு பிரிச்சுப் பேசலாமா?"

இந்தப் பொதுவுடைமை அவருடைய கிட்டாருக்கு மட்டும் பொருந்தாது. அதை நாங்கள் தொட்டால் கைகழுவச் சொல்வார்.

அண்ணி தினமும் வேலைக்குக் கிளம்புமுன் சமையலறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதையே வாசித்தார். "அதான் அண்ணன் வாசிக்கப்போறாரே, இன்னும் எதுக்கு அண்ணி?" என்று கேட்டேன்.

"போட்டவ கை மறக்கக் கூடாதுல்ல" என்றார். அப்போதாவது அண்ணனிடம் போய் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பள்ளிக்கூட அரங்கில். ஐந்து குழுக்கள். எங்களுக்கு மூன்று பாட்டு, மூன்றாவதில்தான் அண்ணியின் மெட்டு. மாற்றுக் கிட்டார் ஒன்று கொண்டுபோகலாம் என்றேன். நல்ல கிட்டாருக்கு மாற்று எதற்கு என்றார் தலைவர்.

இரண்டாவது பாட்டின் முடிவில் முன்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. கைப்பிடியை அடியோடு அமுக்கினார். பட்டென்று ஒரு கம்பி அறுந்தது. பாரம் குறைந்ததும் பாலம் பின்னால் சாய, மிச்சம் ஐந்தும் ஆளுக்கொரு சுருதியில் அலறின.

நேரே அண்ணியிடம் போய்க் கையை நீட்டினார். "குடு இங்க."

"எதுக்குங்க?"

"அந்த பிட்டை வேற யாரு வாசிக்கிறது?"

"போட்டவ வாசிப்பா." அண்ணி தோள்வாரை ஒரு துளை இறுக்கிக்கொண்டார். "பார்சல்ல உங்களுக்கு எடுபடாதுங்க."

அண்ணன் என்னைப் பார்த்து, ஆரம்பிக்காதே என்று கண்ணால் மிரட்டினார். நான் குச்சிகளைத் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினேன். அவர் பேச்சை நான் மீறிய முதல் தடவை அது.

அண்ணி வாசித்தார். ஓரிடத்தில் விரல் தடுக்கியது, விடாமல் பிடித்துக்கொண்டார். அரங்கம் எழுந்து நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது, 'பார்சல்' என்று பேர் வைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. தலைவர் என்ன செய்தார் தெரியுமா? தன் கிட்டாரின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, ஐந்து கம்பிகளின்மேல் விரலை ஓட்டி, தலையை ஆட்டி, தானே வாசிப்பதுபோல் நடித்தார்.

மூன்றாம் பரிசு கிடைத்தது. நடுவர் ஒருவர் மேடையேறி வந்து நேராக அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என்னா சவுண்டு சார்! கிட்டாரு வெளிநாடா?"

"ஆமா சார்" என்றார் அண்ணன், கூசாமல். இரண்டடி தள்ளி அண்ணி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் தன் கிட்டாரைக் குப்புறப் போட்டு முதுகுமூடியைக் கழற்றினார். குழியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கம்பெனியில அந்தக் கெட்டி அட்டை இன்னும் இருக்கா?"

"இருக்குங்க. எதுக்கு?"

"அடுத்த தடவை அந்த பிட்டை நானே வாசிச்சிடலாம்னுதான்."

அண்ணி தன் கிட்டாரைத் துடைத்து உறைக்குள் போட்டு, ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினார்.

"அட்டை எவ்வளவு வேணும்னாலும் கொண்டாந்து தரேன்" என்றார். "மெட்டைத் தர மாட்டேன்."