மிஹாய் வீட்டுக் குழாய்

இன்று காலை அக்காடி மெட்ரோ வாசலில், விளக்குக் கம்பத்தில் தேர்தல் பதாகை கட்டிக்கொண்டிருந்தார்கள். போன தடவை வேறு நிறத்தில் தொங்கிய அதே முகம், அதே இளிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சாதுவான ஆள்தான், நம்புங்கள். கட்சி மாறிகளைக் கண்டால் மட்டும் ஆகாது. அதற்கு மிஹாய்தான் காரணம்.

இரண்டாயிரங்களில் சென்ட் லோரன்ட் பகுதி மருந்துத் தொழிற்சாலையொன்றில் அவனும் நானும் பெட்டி அடைத்தோம். ருமேனியாக்காரன், ஊரில் கணித வாத்தியார். மதியத்தில் எனக்குப் புட்டு; அவனுக்குப் புளிக்கவைத்த முட்டைக்கோவா இலையில் சுற்றிய இறைச்சி. அந்தப் புளிச்ச வாசனை எழும்பினால் கதையும் எழும்பிவிடும். கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த கையோடு, அவனும் நண்பர்களும் அவன் சமையலறையில் கூடிக் கட்சி தொடங்கினார்களாம். ஒட்டுக்கேட்க இனி எவனும் இல்லை. ஆனாலும் பழக்கதோஷம், குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் குசுகுசுத்தார்களாம், பேச்சுச் சுதந்திரத்தைப் பற்றி! சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரிப்பான். ஊரில் அவனுக்கென்று மிஞ்சியிருந்தது அந்தக் கட்சி ஒன்றுதான். ஒரே விளையாட்டுக் கழகத்தை மூன்றாக உடைத்த கூட்டத்தில் பிறந்த எனக்கு, கட்சியை இப்படி நேசிக்க முடியும் என்பதே புதினம்.

ஒரு ஞாயிறு, கோட்-டெ-நெய்ஜ் தேவாலய மண்டபத்துக்கு அவனுடைய ஊர்க் கட்சியின் எம்.பி. ஒருவர் இங்குள்ள ருமேனியரிடம் வாக்குக் கேட்டு வருவதாக அறிவித்தல். பெயர் போடவில்லை. மிஹாய் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு என்னையும் இழுத்துப்போனான். மேடையில் ஏறிய ஆளைக் கண்டதும் மிஹாயின் முகம் செத்துவிட்டது. பழைய ஆட்சியில் அவர்கள் நகரத்துக் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் அந்த ஆள். மிஹாயைப் பள்ளிக்கூடத்திலிருந்து துரத்தியவனும் அவனே. பழைய கட்சி பெயரை மாற்றி, பிறகு உடைந்தபோது, ஒரு துண்டோடு வந்து மிஹாயின் கட்சியில் ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

மிஹாய் அந்த ஆளின் பேச்சை வசனம் வசனமாக எனக்குப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தான். திடீரென்று நிறுத்தினான். மண்டபமே சிரித்தது.

"என்னவாம்?" என்றேன்.

"சமையலறையில கூடித்தான் கட்சியைத் தொடங்கினவையாம். குழாயைத் திறந்துவிட்டுக் கதைச்சவையாம்." மூச்செடுத்தான். "அது என்ரை வீட்டுக் குழாய்."

கள்ளப்பயல்! வேலையைப் பறித்தான், கட்சியைப் பறித்தான், கடைசியில் அவர்கள் பயந்த பயத்தையுமா பறிக்க வேண்டும்? மிஹாய் எழும்பிக் கையை உயர்த்தினான். கேள்விக்கு நேரமில்லை என்றார்கள். சனம் எழுந்து நின்று கைதட்டியது.

வீட்டுக்கு வந்து நான்தான் கத்தினேன்.

"உங்களுக்கென்ன விசரே? ஆரின்ரையோ கட்சிக்கு நீங்கள் ஏன் குதிக்கிறியள்?" என்றாள் மனைவி.

இன்னும் குதித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதன் பிறகு மதியங்களில் புளிச்ச வாசனை எழும்பும், கதை எழும்பாது. தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள். கட்சி இன்னொன்றோடு கரைந்து, பெயரும் கொடியும் இல்லாமல் போயிற்று. அந்த ஆளுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. தொலைக்காட்சியில் இப்போதும் அந்தச் சமையலறைக் கதையைச் சொல்கிறானாம். இனி மிஹாய் அதைச் சொன்னால், திருடிச் சொல்கிறான் என்பார்கள்.