ஜட்ஜ் போகிறபோக்கில் சொன்னது

வக்கீல் குமாஸ்தா வேலை என்பது, ஜெயித்தவருக்குத் தீர்ப்பு நகலும் தோற்றவருக்கு டீயும் வாங்கித் தருகிற வேலை. சேலம் கோர்ட்டு வராந்தாவில் வாய்தா வாங்கியே வயதான அன்பர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

தோற்றவரின் சிரிப்பு

ஏற்காட்டு மலையில் செம்மநத்தம் பொன்னுசாமி எங்கள் கட்சிக்காரர். பக்கத்துத் தோட்டத்துச் சின்னண்ணன், தன் தோட்டத்துக்குள் இவர் ரோட்டுக்குப் போய்வந்த வழியை மறித்துக் கேட் போட்டுவிட்டார். சுற்றுப் பாதையோ நொம்பச் சுற்று. பலாக்காயோடு கிளம்பினால் ரோட்டைத் தொடுவதற்குள் பழுத்துவிடும். நம்புங்கள், நானே வழியில் சுளை தின்றிருக்கிறேன்.

வேறு பாதை இருப்பதால் உரிமை இல்லை என்று வழக்குத் தள்ளுபடி. ஆனால் கடைசியில் ஜட்ஜ் ஒரு வரி சேர்த்திருந்தார்: "வழி விடச் சட்டம் வேண்டாம், மனசு போதும், எதிர்வாதியிடம் அது இருப்பதாகத் தெரியவில்லை."

பொன்னுசாமி முகம் மலர்ந்தது. நான் விளக்கினேன். இதற்கு 'ஓபிட்டர் டிக்டா' என்று பெயர், ஜட்ஜ் போகிறபோக்கில் சொன்னது என்று அர்த்தம். கண்டக்டர் விசில் அடித்தால் பஸ் நிற்கும். "மழை வரும்போல" என்றால் நிற்காது. வழக்கை முடித்த காரணம் விசில். இது மழைப் பேச்சு, யாரையும் கட்டாது, யாரும் கேட்டு நடக்க வேண்டியதில்லை.

அவர் டீயை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: "கட்டாட்டிப் போகுதுங்க, ஊருக்குள்ள சொல்லிக்கலாமுங்களா?"

ஜெயித்தவரின் அழுகை

சொல்லியிருக்கிறார். அடுத்த வாரமே ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் சின்னண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். டீக்கடையில் அவருக்கு இடம் விடுகிறவன்கூட, "எனக்கு மனசு இருக்குதுங்க, உக்காருங்க" என்கிறானாம். அவர் தோட்டத்துக் காப்பிச் செடிகூடத் திரும்பி நின்றுகொண்டதாகக் கேள்வி.

அந்த வரியை அழிக்க முடியுமா என்றார். மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போகணும், அங்கேயும் அதை ஒருமுறை சத்தமாகப் படிப்பார்கள் என்றேன்.

மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார்: "ஏனுங்க, வேணும்னா நான் ஜெயிச்சதை எடுத்துக்கச் சொல்லுங்க, அந்த ஒத்த வரிய மட்டும் அழிச்சுத் தொலைக்கச் சொல்லுங்க."

கேட் போன இடம்

பொன்னுசாமியின் பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க ஒருநாள் செம்மநத்தம் போனேன். கேட் இருந்த இடத்தில் கேட் இல்லை. பொன்னுசாமியின் பலாப்பழம் ஒன்று தலைச்சுமையாக ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டுச் சின்னண்ணன். போகிற வருகிறவரை எல்லாம் இப்படியே போங்க என்று கும்பிடுகிறார். எங்கேயும் போகிற யோசனையில்லாத ஒரு மாட்டையும் ஓட்டிவிட்டார்.

அவர் சம்சாரம்தான் கேட்டிருக்கிறார்: "அந்த வரி பொய்யின்னு காட்ட மெட்ராஸ் எதுக்குங்க, கேட்டைக் கழட்டினாப் போதாதுங்களா?"

என்னைக் கண்டதும் சின்னண்ணன் எழுந்து வந்து காதோரம் சொன்னார்: "அந்த ஜட்ஜையா ஏற்காடு சுத்திப் பாக்க வந்தா, இந்த வழியாத்தானுங்க கூட்டியாரோணும்."

எத்தனையோ தீர்ப்புக்கு நகல் வாங்கி நடந்தவன் நான். அப்பீல் இல்லாமல் உடனே நிறைவேறினது, யாரையும் கட்டாத அந்த ஒரு வரிதான்.