அம்மாவின் கைராசி

நாங்கள் திருப்பூருக்கு வந்தது அப்பாவின் நிட்டிங் வேலைக்காக. அதற்காகத் தெற்கே எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்துவந்த நர்ஸ் வேலையை அம்மா விட்டாள். திருப்பூரிலும் ஆஸ்பத்திரிகள் உண்டுதான். ஆனால் நைட் டூட்டி பார்க்கும் மனைவி அப்பாவுக்கு ஒத்துவரவில்லை. அதனால் அம்மா ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நர்ஸ் ஆனாள். வெளிநாட்டுக்காரர்கள் சுற்றிப் பார்க்க வரும்போது காட்டுவதற்குக் கம்பெனிக்கு ஒரு கட்டிலும் ஒரு நர்ஸும் தேவைப்பட்டன. கட்டிலை முன்பே வாங்கிப் போட்டிருந்தார்கள்.

முழுப்பரீட்சை லீவில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அம்மா கூடவே கூட்டிப்போனாள். எனக்கு அப்போது பதினொரு வயது. தையல் செக்‌ஷனை ஒட்டிப் பலகை அடித்துத் தடுத்த அறைதான் அம்மாவின் இடம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்காக்கள் வருவார்கள். எங்களைப் போலவே தெற்கேயிருந்து வந்து, கம்பெனி ஹாஸ்டலில் தங்கி வேலைசெய்த பெண்கள். அம்மா ஒரு வெள்ளை மாத்திரை கொடுப்பாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து மெஷினுக்குப் போய்விடுவார்கள். ஊர் ஆஸ்பத்திரியிலோ நோயாளிகள் நாள்கணக்கில் படுத்தே கிடந்தார்கள். இங்கே வந்ததும் அம்மாவுக்குக் கைராசி கூடிவிட்டது என்று நம்பினேன். நாங்கள் குடியிருந்த காம்பவுண்டுப் பிள்ளைகளிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஓவர்லாக் மெஷினில் இருந்த ஓர் அக்காவுக்கு என்மேல் பிரியம். கலர் கலராக வெட்டுத்துணி கொண்டுவந்து தருவாள். ஒருநாள் அவளால் நிற்கவே முடியவில்லை. அம்மா அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். காதோடு என்னென்னவோ கேட்டாள். அவளைப் படுக்கவைத்துவிட்டுப் போய் சூப்பர்வைசரை அழைத்துவந்தாள்.

“இந்தப் பிள்ளைக்கு உடம்புல ரத்தமே இல்ல சார். மாசாமாசம் மாத்திரைய முழுங்கிட்டு வலியோட தச்சிட்டிருக்கா. ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்.”

சூப்பர்வைசர் கோபப்படவே மாட்டார். பேச்சில் மரியாதை சொட்டும்.

“ஏனுங்க சிஸ்டர், நாளைக்கு ஷிப்மெண்ட்டுங்க. நோவை அப்புறமாப் பாத்துக்கலாமுங்க. இன்னிக்கு வலி நின்னாப் போதும். போன சிஸ்டரும் இப்படித்தானுங்க, சும்மா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னுட்டு இருந்தாங்க. பாவம், வேற எடம் தேடிப் போயிட்டாங்க.”

அம்மா மாத்திரை டப்பாவைத் திறந்தாள். அக்கா விழுங்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே மெஷினுக்குப் போனாள்.

அன்று வீட்டில் அம்மா வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னாள். இருக்கிற இடத்துக்குத் தகுந்த மாதிரி இருக்கக் கற்றுக்கொள் என்றார் அப்பா. அம்மா கற்றுக்கொண்டாள். அதன்பிறகு யார் வந்தாலும் கேள்வி கேட்பதில்லை. முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. மாத்திரையை மட்டும் நீட்டுவாள். ஒருவழியாகத் திருப்பூருக்குப் பழகிவிட்டாள் என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஓவர்லாக் அக்காவைக் கொஞ்ச நாளில் ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். உடம்பு குணமாகித்தான் போகிறாள் என்று நினைத்துக் கையசைத்தேன்.

லீவு முடிவதற்குள் ஒருநாள் எனக்கே வயிறு வலித்தது. அம்மா வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். நானே டப்பாவைத் திறந்து மாத்திரையை எடுத்து வாயில் போடப்போனேன். அம்மா பாய்ந்து வந்து தட்டிவிட்டாள். கன்னத்தில் ஓங்கி ஓர் அறை.

“இனிமே இதத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்!”

அப்போதே என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, என்ன தின்றாய் என்று துருவித் துருவிக் கேட்டாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் படுக்கவைத்தாள். மறுநாளும் வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“அந்த அக்காமாருக்கெல்லாம் கேட்ட உடனே குடுக்க, எனக்கு மட்டும் ஏம்மா தரமாட்டேங்கிற?” என்றேன்.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என்னை அறைந்ததற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் என் கோபம் தீரவில்லை. பெற்ற மகளை இப்படிப் படுக்கையில் போட்டுவிட்டு, நல்ல மருந்தையெல்லாம் அவர்களுக்கே கொடுத்துவிடுகிறாளே என்று, அந்த அக்காக்கள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.