வலப்பக்க ஜன்னல்

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஒரு பழைய வேனில் ஓசூர் கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றத் தொடங்கி, பதினோரு பஸ் ஆக்கினேன். குருபரப்பள்ளியில் ஹைவே ஓரம் டிராவல்ஸ் ஆபீஸ் கட்டினேன். இங்கிலீஷ் பேசத் தெரியாமலே நாற்பது நாட்டுக்கு டிக்கெட் போட்டேன். முழுச் சூரிய கிரகணத்துக்குள் விமானத்தில் ஆளைக் கூட்டிப் போனவன் இந்தப் பக்கம் என்னைத் தவிர யாரும் இல்லை.

கேட்டு வந்தவர் ஸ்டெல்லா டீச்சர். கிருஷ்ணகிரியில் முப்பது வருடம் எலுமிச்சம்பழமும் டார்ச்சும் வைத்துக் கிரகணப் பாடம் நடத்தியவர். முழுக் கிரகணம் ஒன்றுகூட நேரில் பார்த்ததில்லை. கண் அழுத்த நோயில் இடது கண் போய்விட்டது. வலது கண்ணும் ஒரு வருடம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு பாத்துட்டா போதும், முனிராஜு."

கிரகணம் சிலி நாட்டில். அங்கே அது குளிர்காலம். மேகம் மூடினால் தரையில் ஒன்றும் தெரியாது. அதனால் நிலாவின் நிழலைக் கடக்கும் ஒரு சாயங்கால விமானமாகத் தேடினோம். வடக்கிலிருந்து தெற்கே போவது. கூட வந்த வானவியல் சங்கத்து ஆள், கம்பெனி டூல் ரூம் இன்ஜினியர் மஞ்சுநாத், இடப்பக்க ஜன்னல்களைக் குறித்து வைத்திருந்தான்.

"மஞ்சு, சாயங்காலம் நாட்றாம்பாளையத்துக்குத் தெக்கால போற பஸ்ல வெயிலுக்கு எந்தப் பக்கம் ஸ்கிரீன் இழுத்து விடுவோம்? வலப்பக்கம். இங்கயும் அதான்."

"அண்ணா, அது பூமிக்கு அடிப்பக்கம். அங்க எல்லாம் மாறும். நீங்க பஸ் ஆளு, இதுல வராதீங்க."

"அடிப்பக்கம் போனா சூரியன் கெழக்கால எறங்குமா? மாத்துடா."

மாற்றினோம். விமானம் மேலே ஏறியதும் வெயில் வலப்பக்கம் அடித்தது. மஞ்சுநாத் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் ஈய நிறமானது. எல்லார் முகமும் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. மடியில் கிடந்த கை என் கையாகத் தெரியவில்லை. அப்போது கடல் பக்கமிருந்து நிழல் வந்தது. அஞ்செட்டி காட்டில் யானைக் கூட்டம் சத்தமே இல்லாமல் ரோட்டைக் கடக்கும். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பான். அப்படி வந்தது. இங்கே இன்ஜினை அணைக்கவும் வழியில்லை.

சூரியன் இருந்த இடத்தில் கறுப்பு வட்டம். சுற்றிலும் வெள்ளை மயிர் போல் ஒளி. முழுக்க மறைந்தபின் கண்ணாடி வேண்டாம் என்று டீச்சர் கிரகணக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டார்.

"அது என்னையே பாக்குது, முனிராஜு."

டாக்டர் சொன்னபடியே அடுத்த வருடம் அந்தக் கண்ணும் போனது. "எல்லாம் இருட்டுதான். அந்த வட்டம் மட்டும் நிக்குது. இப்பவும் பாத்துக்கிட்டுதான் இருக்குது," என்கிறார். அவர் சிரித்தபடிதான் சொல்கிறார்.

ஊரில் பேச்சு வேறு. "கிரகணத்துக்குள்ள கூட்டிப் போயி டீச்சர் கண்ணத் தின்னுட்டான்." வானவியல் சங்கத்துச் சிறப்பு மலரிலோ, 'இருக்கைத் திட்டம்: மஞ்சுநாத்' என்று அச்சாகியிருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, டிக்கெட் போடுமுன் எந்தத் திசை, எந்த நேரம் என்று எழுந்து நின்று கையை நீட்டிப் பாருங்கள். சங்கத்தாரே, பழியில் என் பெயர் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. மலரைத் திருத்துங்கள். டீச்சரை வலப்பக்கம் உட்கார வைத்தவன் முனிராஜு என்று போடுங்கள்.