தெள்ளாரிலிருந்து வந்த கறுப்பு மோரிஸ்

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றவர்களுக்கு வேலை மிச்சம். போன தை மாதம் சந்தவாசலில் ஒரு சாவுக்குப் போனேன். கையில் மாலை, தோளில் காமிரா. சாவு வீட்டுக்குக் காமிரா எதற்கு என்று என் மனைவியும்தான் கேட்டாள். அந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பழைய பியட் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. படமெடுக்க இரண்டு கையும் வேண்டுமே என்று மாலையை அதன் பானெட் மேல் வைத்தேன். வைத்தது வைத்ததுதான். வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் ஊற்றும்போதுதான் மாலை ஞாபகம் வந்தது. செத்தவர் முகத்தைப் பார்த்தேனா என்பதே சந்தேகம். அந்த வண்டி நம்பரைக் கேளுங்கள், இப்போதும் தடுமாறாமல் சொல்வேன்.

இந்த வியாதி எனக்குப் பத்து வயதில் பிடித்தது. முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பட்டு எடுக்க ஊர் ஊராக ஆரணிக்குக் கார்கள் வரும். எல்லோரும் இறங்குகிறவர்களைப் பார்ப்பார்கள். நான் குனிந்து நம்பர் பலகையைப் பார்ப்பேன். கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து, அதிலும் 'எம்' என்று ஆரம்பித்தால், தமிழ்நாடு என்று பெயர் வருவதற்கு முந்திய வண்டி என்று பெட்ரோல் பங்கில் யாரோ சொல்லியிருந்தார்கள். அப்படிப்பட்ட நம்பர்களுக்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தேன். கணக்கு நோட்டைவிட அது சுத்தமாக இருக்கும்.

எங்கள் வீட்டில் தறியும் உண்டு, வீட்டோடு சேலை வியாபாரமும் உண்டு. அதனால் பெண் பார்ப்பதற்கு ஒரு தனி ஏற்பாடு வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சேலை பார்க்க வருகிறவர்கள் மாதிரியே வருவார்கள். அப்பாவின் தங்கை, என் அத்தை, சேலைகளைப் பிரித்துக் காட்டுவாள். அவர்கள் சேலையைப் பார்க்கிற சாக்கில் அத்தையைப் பார்ப்பார்கள். பெண் பிடிக்கவில்லை என்றால் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. ஒரு சேலையை வாங்கிக்கொண்டு மரியாதையாகப் போய்விடுவார்கள். பிடித்திருந்தால், "அப்புறமா வந்து எடுத்துக்கறோம்" என்று வெறுங்கையோடு போவார்கள். வந்தவர்கள் ஒன்றும் வாங்காமல் போனால் சந்தோஷப்படுகிற வியாபாரி ஆரணியிலேயே எங்கள் அப்பா ஒருவர்தான். அத்தைக்கு அப்போது இருபத்தாறு வயது. மூன்று வீட்டார் ஏற்கெனவே சேலை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

நாலாவதாக வந்தவர்கள் தெள்ளார்க்காரர்கள். கறுப்பு மோரிஸ் கார் ஒன்றில் வந்தார்கள். பெண்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளைக்கு உள்ளே வேலை இல்லை. சேலை பார்க்க வந்தவர்களோடு வந்த ஆண்பிள்ளை கார் பக்கத்தில்தானே நிற்க வேண்டும். அதுதான் ஏற்பாட்டில் இருந்த ஓட்டை. அவர் அத்தையைப் பார்க்க முடியாது, அத்தை அவரைப் பார்க்க முடியாது. சேலை எடுக்க அறைக்குள் வந்த அத்தை, பம்பாய்ப் பெரியப்பா கொடுத்துவிட்டுப் போன காமிராவை என் கையில் திணித்தாள்.

"வெளியே நின்னுகினு இருக்காரு பாரு. ஒண்ணே ஒண்ணு எடுத்துகினு வா. யாருக்கும் தெரியக் கூடாது."

"காரையும் எடுக்கட்டா?"

"பிலிம் என்ன உங்க தாத்தன் ஊட்டு சொத்தா? அவரை எடு."

போனேன். அவர் காருக்கு முன்னால், பம்பரில் சாய்ந்து நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை. அவர் கால்களுக்கு நடுவே 'எம்' என்ற எழுத்து தெரிந்தது. அடுத்த இரண்டு எழுத்தும் என் நோட்டில் இல்லாதவை. எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. ஒன்றே ஒன்று என்றுதான் உத்தரவு. யோசித்தேன். மனுஷன் கல்யாணம் ஆனால் நம் வீட்டுக்குத் தினம் வந்து போகப் போகிறவர், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். வண்டியை நாளைக்கே விற்றுவிட்டால்?

"கொஞ்சம் தள்ளிக்கங்க, நம்பர் மறைக்குது" என்றேன்.

சிரித்தார். ஒரு பக்கமாகத் தள்ளி நின்றார். "உள்ள சேலை காட்டிகினு இருக்கறது யாரு?" என்று கேட்டார். எங்கள் அத்தை என்றேன். கழுத்தை நீட்டி வாசலுக்குள் எட்டிப் பார்த்தார். நடுவில் நான் காமிராவைக் கண்ணில் வைத்து நின்றிருந்ததால் அவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

அவர்கள் ஒரு சேலைகூட வாங்காமல் போனார்கள். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

அதன் பிறகுதான் அத்தைக்குக் கார் பைத்தியம் பிடித்தது. அப்படித்தான் நான் நினைத்தேன். முப்பத்தாறு படமும் எடுத்து முடித்தால்தான் ரோலை ஸ்டுடியோவில் கொடுக்கலாம் என்பது அப்பாவின் சட்டம். அதில் பாதிகூட முடியவில்லை. அதுவரை நம்பர் நோட்டைக் கண்டாலே எரிந்து விழுந்தவள், ஞாயிற்றுக்கிழமையானால் காமிராவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு என்னைக் கிளப்பிவிடுவாள். கோட்டை மைதானத்துக்குப் போனோம். சர்ச்சில் கல்யாணம் என்றால் வாசலில் நின்றோம். ரைஸ்மில் முற்றத்தில் துருப்பிடித்துக் கிடந்த வேனை மூன்று பக்கமும் எடுத்தோம். போகப் போக அவளுக்கு எது பழசு, எது புதுசு என்கிற விவஸ்தையே போய்விட்டது. போன வருஷம் வாங்கிய டிராக்டரைக் காட்டி எடு என்றாள்.

"இது பழசு இல்லை அத்தை."

"பழசாகும். ஜல்தியா எடு."

திரும்பி வரும்போது ஒருநாள், மோரிஸ் வந்த அன்றைக்கு எடுத்தது சரியாக விழுந்திருக்குமா என்று மெல்லக் கேட்டாள். கை ஆடவே இல்லை, ஜம்மென்று விழுந்திருக்கும் என்றேன். பொய் சொல்லவில்லை. அவள் என் தலையைக் கோதிவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் மாதிரி இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள் கிடைக்காதா என்று இப்போதும் காமிராவோடு தெருவில் நிற்கும்போது தோன்றும். இப்போது எத்தனை ஆயிரம் படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். அவசரப்படுத்தத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

ரோல் முடிந்து ஸ்டுடியோவுக்குப் போன வாரம், தெள்ளாரிலிருந்து ஒரு பெரியவர் பஸ்ஸில் வந்தார். மோர் குடித்தார். ஒரு சேலையை எடுத்துக்கொண்டார். பேரம்கூடப் பேசவில்லை. அப்பா அதைக் காகிதத்தில் சுற்றிக் கட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். நல்ல விலைக்குச் சேலை விற்ற அன்று எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் சாப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்துப் படங்கள் வந்தன. வாங்கி வந்தவன் நான்தான். வழியிலேயே பிரித்துப் பார்த்துவிட்டேன். அத்தை தறியை விட்டு எழுந்து வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினாள். இனி எதற்கு அது என்று அம்மா சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, மோரிஸில் நின்றாள்.

அற்புதமான படம். கறுப்புத் தகடு நட்டநடுவில், எழுத்து ஒவ்வொன்றும் பளிச்சென்று. ஒரே ஒரு குறை. தள்ளி நில்லுங்கள் என்றால் சரியாகத் தள்ளி நிற்கத் தெரியவில்லை அந்த ஆளுக்கு. ஓரத்தில் மடித்துவிட்ட வெள்ளைச் சட்டைக் கையும், வாட்ச் கட்டிய மணிக்கட்டும், தொங்குகிற விரல்களும் விழுந்து படத்தைக் கெடுத்துவிட்டன. அத்தை அந்த ஓரத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்தக் குறை உறுத்துகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் நூல் வெட்டுகிற கத்தரியை எடுத்து வந்தேன்.

"குடு அத்தை, இந்தக் கையை வெட்டிட்டா நம்பர் மட்டும் சுத்தமா நிக்கும்."

அத்தை நிமிரவில்லை.

"கை இருக்கட்டும்."