கூட்டு ரோட்டு எட்டுக் கடை

ஜெராக்ஸ் மிஷினிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த தாளுக்கு ஒரு இதமான சூடு உண்டு. மார்கழிக் காலைகளில் பள்ளிக்கூடம் கிளம்புமுன் அம்மாவின் கடைக்கு ஓடி, யாருடைய மதிப்பெண் பட்டியலையோ எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு நிற்பேன். "மூஞ்சில மை ஒட்டிக்கப் போவுது, வையிடி அத்த" என்று அம்மா அதட்டுவாள். மதிப்பெண் பட்டியலுக்குச் சொந்தக்காரர், தூரத்து ஊரிலிருந்து வேலை தேடி வந்த ஏதோ ஓர் அண்ணன், பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கடை இருந்த கட்டடம் ஒரகடம் கூட்டு ரோட்டில், வல்லக்கோட்டைக்குத் திரும்பும் பக்கத்தில் இருந்தது. பெயர்ப் பலகை கிடையாது. கீழே எட்டுக் கடைகள், மேலே எட்டு அறைகள் என்பதால் ஊரே அதை "எட்டுக் கடை" என்றது. கட்டியவர் தணிகாசலம் என்ற விவசாயி. உறவு எதுவும் இல்லாவிட்டாலும் நான் அவரைப் "பெரீப்பா" என்றுதான் கூப்பிடுவேன். வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தின் ரோட்டோர முனையில் அவர் அதை எழுப்பியபோது உரக்கடை, சைக்கிள் கடை, டீக்கடை என்று மூன்றுக்குத்தான் ஆள் வந்தார்களாம். மற்ற ஐந்திலும் வைக்கோலும் கடலை மூட்டையும் அடைந்து கிடந்தனவாம். பிறகு சுற்றிலும் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வர, உரக்கடைக்காரர் யூரியா மூட்டைகளை ஓரங்கட்டிவிட்டு சேஃப்டி ஷூவும் கையுறையும் தொங்கவிட்டார். சைக்கிள் கடை பைக் மெக்கானிக் கடையானது, டீக்கடை பக்கத்துக் கடையையும் சேர்த்துக்கொண்டு மெஸ் ஆனது. ஐந்தாவது கடையை அம்மா எடுத்தாள். நான் அப்போது இரண்டாம் வகுப்பு.

அம்மாவின் பெயர் கஸ்தூரி. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். கல்யாணத்துக்குப் பிறகு, அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போன சமயத்தில், படப்பைக்குப் பஸ்ஸில் போய் வந்து டைப்பிங் கற்றுக்கொண்டாள். கடையில் ஒரு மிஷின், ஒரு கம்ப்யூட்டர், சுவரை ஒட்டி ஒரு நீளமான பெஞ்சு. அவளுடைய முக்கியமான தொழில் "பயோடேட்டா" அடித்துத் தருவது. அடித்த தாளைக் கொடுத்து, "உக்காந்து ஒருவாட்டி முழுசா படி, அப்புறம் கையெழுத்து போடு" என்பாள். படிக்காமல் கையெழுத்துப் போட யாரையும் விட்டதில்லை.

மாடி அறைகளில் தெற்கத்திப் பையன்கள் இருந்தார்கள். திருநெல்வேலி, ராமநாதபுரம், சாத்தூர்ப் பக்கத்து ஆட்கள். ஒரே பாயில் ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் என்று மூன்று பேர் முறை வைத்துத் தூங்கினார்கள். அவர்களில் இசக்கிமுத்து அண்ணன் டிப்ளமோ முடித்தவர். அவர் வந்த புதிதில், மறுநாள் ஒரு பெரிய கம்பெனியில் நேர்முகத் தேர்வு என்று அவசரமாக பயோடேட்டா அடிக்க வந்தார். அம்மா அவர் எழுதித் தந்த தாளையும் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாப்பா, சர்டிஃபிகேட்ல உம் பேரு இங்கிலீஷ் ஈயில ஆரம்பிக்குது, நீ ஐயில எழுதிக் குடுத்துகீறே?"

"ரெண்டும் இசக்கிதானக்கா?"

"உனுக்கு ஒண்ணுதான். உள்ள உக்காந்துகினு இருக்கறவனுக்கு ரெண்டு ஆளு."

ஏற்கெனவே இரண்டு இடங்களில் காரணம் சொல்லாமல் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்களாம். அம்மா எல்லாத் தாளையும் திரும்ப அடித்துக் கொடுத்தாள். அந்த வேலை கிடைத்தது. பெயர் எழுத்துதான் காரணமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இசக்கி அண்ணன் அப்படித்தான் நம்பினார், புதிதாக வந்த ஒவ்வொருவனையும் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தார்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த வருஷம் ரோட்டை அகலப்படுத்த அளவெடுப்பவர்கள் வந்தார்கள். கடைக்குள்ளேயே வந்து, பக்கச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு, இந்தப் பக்கம் கடை. மிஷின் அந்தப் பக்கம் நின்றது. பாதிக் கட்டடத்தை வெட்டி ஒட்டுவானேன் என்று, பெங்களூரிலிருந்து வந்த பெரீப்பாவின் மகன் வினோத் முழுவதையும் இடித்து நான்கு மாடி கட்டத் தீர்மானித்தார். தை மாதத்துக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும். புதுக் கட்டடத்தில் இடம் வேண்டுமென்றால் தங்களைப் பற்றி எழுதி விண்ணப்பம் தர வேண்டும் என்றார். மகன் அதைச் சொன்னபோது பெரீப்பா எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா தன் நாற்காலியிலிருந்து எழுந்து, "மலரு, நீ உக்காரு. எனுக்கு ஒரு பயோடேட்டா அடி" என்றாள். மேஜைக்கு எதிர்ப்பக்கம், பையன்கள் நிற்கும் இடத்தில் போய் நின்றுகொண்டாள். ஆயிரம் பேருக்கு அடித்தவளுக்கு அதுவரை ஒன்றுகூட இருந்ததில்லை.

"படிப்பு?" என்று கேட்டேன்.

பெஞ்சில் இசக்கி அண்ணன் ஏதோ படிவத்தோடு உட்கார்ந்திருந்தார். அம்மா குரலை இறக்கி, "ஒன்பதாவது" என்றாள்.

"அனுபவம்?"

"இன்னா அனுபவம்? ஜெராக்ஸ் எடுத்தேன். அவ்ளோதான்."

"எக்கா, பொய் சொல்லாதீக" என்றார் இசக்கி அண்ணன். "பாப்பா, நீ அடி, நான் சொல்லுதேன். ரேஷன் கார்டுல பேரு திருத்த எழுதிக் குடுத்தாக. பி.எஃப். படிவம் நிரப்பினாக. எங்க ரூம்ல எட்டுப் பேரு, எட்டுப் பேருக்கும் வேலைக்கு எழுதினது அக்காதான். நாலு பேரு இப்ப சூப்பர்வைசர். எல்லாம் போடு."

அம்மா அவரை நிறுத்தச் சொல்லிப் பார்த்தாள். பிறகு அவளே, "பாஸ்போர்ட்டுக்கும் எழுதிருக்கேன், அத்த வுட்டியே" என்றாள். இரண்டு பக்கம் வந்தது. அவளிடம் கொடுத்து, "உக்காந்து ஒருவாட்டி முழுசா படிம்மா" என்றேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். கையெழுத்துப் போட்டபோது அவள் முகத்தில் இருந்தது வெட்கமா பெருமையா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வினோத் அதைப் படித்தார், மரியாதையாகத்தான் பேசினார். கீழ்த்தளம் ஒரு பேங்குக்கும் செல்போன் ஷோரூமுக்கும் பேசியாகிவிட்டது, மாடிப்படிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது, மிஷின் வைக்கலாம் என்றார். "எடுத்துக்கோம்மா கஸ்தூரி" என்று பெரீப்பா கிட்டத்தட்டக் கெஞ்சினார். எடுத்துக்கொள்ளச் சொல்லி நானும் அம்மாவின் புடவையை இழுத்தேன்.

"மிஷினு வெச்சிடலாண்ணா. பெஞ்சு எங்க போடறது?" என்றாள் அம்மா. "வர்றவன் நின்னுகினே கையெழுத்து போட்டுட்டுப் போறதுக்கு நான் எதுக்கு?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அழுதேன். அவள் அழவில்லை. பத்து நாள் மத்தியான வேளைகளில் கடையைப் பூட்டிவிட்டு அலைந்தாள். கடைசியில் வல்லக்கோட்டை போகும் ரோட்டில், முருகன் கோயிலுக்கு நடந்து வருபவர்கள் இளைப்பாறும் புளியமரத்துக்கு எதிரே, ஒரு விவசாயி வீட்டின் முன்னறையைப் பிடித்தாள். பழைய கடையைவிட அகலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷிஃப்ட் முடிந்து வந்த மாடிப் பையன்கள் ஆறு பேர் மிஷினைத் தூக்கி லோடு ஆட்டோவில் ஏற்ற, "ஏலே மெதுவா, மெதுவா" என்று இசக்கி அண்ணன் கூடவே ஓடினார்.

இடிக்கும் நாளில் எல்லோரும் போய் நின்றோம். இயந்திரம் முகப்புச் சுவரைத் தள்ளியதும் மாடி அறைகள் ரோஸும் பச்சையுமாகத் திறந்துகொண்டன. சுவர்களில் ஷிஃப்ட் அட்டவணைகளும் செல் நம்பர்களும் கிறுக்கிக் கிடந்தன. "அந்தா, என் யூனிஃபார்ம் மாட்டுன ஆணி!" என்று இசக்கி அண்ணன் கத்த, எல்லோரும் சிரித்தோம். பெரீப்பாகூடச் சிரித்தார். மெஸ்காரர் அன்றைக்கும் எல்லோருக்கும் டீ கொண்டுவந்திருந்தார்; மத்தியானத்துக்குள் அங்கே வெறும் செங்கல் மேடு.

இன்று அங்கே கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. சேஃப்டி ஷூ கடை பென்னலூருக்குப் போய்விட்டது, மெஸ் எங்கே போனதென்று தெரியவில்லை. பயோடேட்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறவர்களை இப்போது அந்த ரோட்டில் காண முடியாது; விண்ணப்பங்கள் செல்போனிலேயே போய்விடுகின்றன. எங்கள் வடக்கத்திப் பேச்சும் மாடிப் பையன்களின் தெற்கத்திப் பேச்சும் ஒன்றையொன்று கேலி செய்துகொண்டு நின்ற அந்த எட்டுக் கடைகளின் வாசற்படிகளும் இல்லை. அம்மா மட்டும் புளியமரத்துக்கு எதிரே பட்டாவுக்கும் வருமானச் சான்றுக்கும் எழுதிக் கொடுத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள்.

போன மாதம் அவளை அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடி ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். ஏதாவது வருத்தமாகச் சொல்வாள் என்று தயாராகவே இருந்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தோளைத் தட்டினாள்.

"இங்கேர்ந்து பாத்தா ஏரி தெரியுதுடி, மலரு. அத்தினி வருசம் கீழயே உக்காந்துகினு இருந்தேன், ஒரு நாளும் தெரிஞ்சதில்ல."

சொல்லிவிட்டு, இன்னொரு காபி கேட்டாள்.